பாலம் பார்க்கும் இயந்திரப் பறவை

ஐக்கிய அமெரிக்காவில் ஒகையோ நதியின் மேல் 1928 ஆம் ஆண்டிலே கட்டப்பெற்ற ‘சில்வர்’ பாலம், 1967 டிசெம்பர் 15 ஆம் நாள் மாலை, வாகனங்கள் நிறைந்திருந்த வேளையில் இடிந்து நீரில் வீழ்ந்தது. மாண்டோர் 46 பேர். அதனைத் தாங்கிநின்ற உருக்குச் சட்டமொன்றில் ஏற்பட்ட, இரண்டரை மில்லிமீற்றர் ஆழமேயான வெடிப்பே அழிவுக்குக் காரணமாயிற்று. பாலங்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் பொதுவாகச் சோதித்தல் வேண்டுமென்னும் விதி, இதன் பின்னர், 1971 இல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

விதி செய்தல் எளிது. ஆற்றின் நடுவே, அந்தரத்தில் நிற்கும் சட்டத்தை அருகிற் சென்று பார்ப்பவர் யார்? கயிற்றிலே தொங்கும் மனிதன். அல்லது பாரந்தூக்கியின் கூடையிலே நிற்கும் மனிதன். அவனுக்காக வீதியின் ஒரு பக்கத்தை அடைத்தல் வேண்டும். அவன் கால் வழுவினால் கீழே நதி. மின்கோபுரங்களில் ஏறுவோரின் நிலையும் இத்தகையதே.

‘ட்ரோன்’ எனப்படும் ஆளில்லா வானூர்தி இவ்விடத்திலேதான் கைகொடுக்கின்றது. தரையில் நிற்பவரின் கட்டளைக்கு இசைந்து, சிறு சுழலிகளின் வலிமையால் அது வேண்டிய இடத்தில் அசையாது நின்று படம் பிடிக்கின்றது. வெப்பத்தை உணரும் கமராவையும் அதிற் பொருத்தலாம். மின்கம்பியின் இணைப்பொன்று தளர்ந்தால், அங்கே மின்தடை மிகுந்து சூடேறும். வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அச்சூடு படத்திலே ஒளிப்புள்ளியாகத் தோன்றும்; சோதனைக்காக மின்னோட்டத்தை நிறுத்தவேண்டியதில்லை. ஒரே இடத்தை ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்புநோக்கலாம் என்பதே இவை யாவற்றினும் தலையாய நன்மை எனலாம். ஆயினும், இணைப்பின் உள்ளே மறைந்திருந்த ‘சில்வர்’ பாலத்து வெடிப்பை ட்ரோனும் கண்டிராது.

கண்டதையும் மனிதர் கவனியாது விடுவதுண்டு. மெம்பிஸ் நகரருகே, மிசிசிப்பி நதியின் குறுக்கே 1973 இல் திறக்கப்பட்ட எர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில், 2021 மே 11 ஆம் நாள் வழக்கமான சோதனைக்குச் சென்ற பொறியியலாளர், முதன்மையான உருக்குச் சட்டமொன்று ஏறக்குறையப் பாதிவரை பிளந்திருக்கக் கண்டு திடுக்குற்றனர். அவசர சேவைக்குத் தொலைபேசியில் அறிவித்து, உடனே போக்குவரத்தை நிறுத்துவித்தனர். பாலத்தின் கீழே சரக்குக் கலங்களும் சில நாட்கள் தடைப்பட்டு நின்றன. பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் வேறோர் உண்மை வெளிப்பட்டது. 2019 மே மாதத்திலேயே ட்ரோன் எடுத்த படத்தில் அதே வெடிப்பு இருந்தது! இரண்டு ஆண்டுகளாக, நாள்தோறும் ஏறக்குறைய 40,000 வாகனங்கள் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தன.

இயந்திரம் தன் பணியைச் செய்தே இருந்தது. பறப்பு ஒன்றில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்துவிடுகின்றன. அவற்றைப் பொறுமையோடு பார்க்க ஆளும் நேரமும் ஒதுக்கப்படாவிடின், ட்ரோனுக்குச் செலவிட்ட பணம் வீணே. ஐயத்துக்குரிய இடங்களைக் கணினியே குறித்துக் காட்டும் முறைகள் இப்போது வந்துள்ளன. எனினும், அவ்விடத்தைத் தட்டியும் ஒலியலைகளைச் செலுத்தியும் உறுதிசெய்வது பொறியியலாளரின் வேலையாகவே இருக்கின்றது.

மெம்பிஸ் பாலத்தின் வெடித்த சட்டத்துக்கு உருக்குத் தகடுகள் பூட்டப்பெற்று, 2021 ஓகஸ்ட் தொடக்கத்தில் பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது. வெடிப்பைக் காணத் தவறிய பரிசோதகர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.