எலி பிடிக்கப் பிறந்தது மடியில் உட்காருமா?

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்று கணக்குப் போடுபவர்கள் டெரியரின் பிறவிக் குணத்தை மறந்துவிடுகிறார்கள்

பழைய எச்.எம்.வி. இசைத்தட்டின் நடுவில், கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயை நினைவிருக்கிறதா? நிப்பர் என்று பெயர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த டெரியர் கலப்பு. வீட்டுக்கு வருபவர்களின் காலைக் கவ்வும் பழக்கத்தால் வந்த பெயர் என்பார்கள். படத்தில் பரம சாது. வாசலில் வேறு மாதிரி. டெரியர் வளர்க்க ஆசைப்படும் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்கள், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள். மறுபக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு, அரிசியும் பலசரக்குமாக மூட்டை மூட்டையாக. நடுவே ஓயாமல் வந்துபோகும் பஸ்கள். இங்கே அல்சேஷனுக்கு ஏது இடம்? ‘சின்னதாக ஒரு டெரியர் போதும்’ என்று தோன்றுவது இயற்கை. திருவல்லிக்கேணியிலும் மாட்டுங்காவிலும் இதே கணக்குதான்.

கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. டெரியரைச் சிறிதாக உருவாக்கியது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக அல்ல. ‘டெர்ரா’ என்றால் லத்தீனில் மண். வளைக்குள் புகுந்து நரியை விரட்டவும், எலியைப் பிடிக்கவும் வளர்க்கப்பட்ட வேலைக்கார நாய்கள் இவை. ஜாக் ரஸல் டெரியருக்குப் பெயர் தந்தவர் நரி வேட்டையில் பித்துப் பிடித்த ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். 1819இல் அவர் வாங்கிய ஒரு பெட்டை நாயிலிருந்து அந்த வம்சம் தொடங்கியது. பட்டுக் கூந்தலும் ரிப்பனுமாகப் பவனி வரும் யார்க்‌ஷயர் டெரியரின் முன்னோர்கூட 19ஆம் நூற்றாண்டு நெசவாலைகளில் எலி பிடித்த கூட்டம்தான்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. மனிதர்களுக்கு ஆபத்தானவை என்று 20க்கும் மேற்பட்ட இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பட்டியலில் பிட்புல் டெரியரும் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது வேறு கதை. டெரியர் என்பது ஒரே இனமல்ல, ஒரு பெரிய குடும்பம். மூன்று கிலோ யார்க்‌ஷயரும் பிட்புல்லும் குடும்பப் பெயரால் மட்டுமே உறவு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. யார்க்‌ஷயருக்கு எலும்பு மெல்லிசு. கைக்குழந்தை தூக்கிக் கீழே போட்டாலும், பாட்டி தெரியாமல் மிதித்தாலும் கால் உடையும். ஜாக் ரஸலும் ஃபாக்ஸ் டெரியரும் (டின்டின் கூடவே ஓடுமே, அந்த வெள்ளை நாய்) கெட்டியானவை. ஆனால் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். வேலை கொடுக்காவிட்டால் அவையே தேடிக்கொள்ளும்: செருப்பு, சோபா, துளசிமாடத்து மண்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதி. தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். தாய் உறுமினால், நடுங்கினால், யோசியுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும். குணத்தையும் ஆரோக்கியத்தையும் சொல்லாது. வாசலில் ஆள் வந்தால் குரைக்க ஒரு நாய் போதும் என்றால், தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியே நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. காசும் மிச்சம்.

மழையும் எலியும்

கிழக்கேகோட்டைக்கும் தம்பானூருக்கும் மழைத் தண்ணீர் தேங்குவது பழைய வியாதி. ஓடைகளை மறித்த ஆக்கிரமிப்புகளை அகற்ற 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்றே ஒரு திட்டம் நடந்தது. தண்ணீர் தேங்கினால் வளைகளிலிருந்து எலிகள் வெளியே வரும். எலியைக் கண்டால் டெரியர் சும்மா இருக்குமா?

ஆபத்து அங்கேதான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் மூலம் பரவுவது எலிக்காய்ச்சல், கேரளத்தில் ‘எலிப்பனி’. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அது பரவியபோது அரசு ‘டாக்ஸிசைக்ளின்’ மாத்திரையை வீடு வீடாக விநியோகித்தது. நாய்க்கும் இந்த நோய் வரும். சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். நாயின் சிறுநீர் வழியாக வீட்டு மனிதர்களுக்கும் தொற்றலாம். எனவே வெறிநாய்க்கடி ஊசியோடு நிறுத்தாமல், எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். முதலில் சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும். தேங்கிய தண்ணீரில் நாயை இறங்க விடாதீர்கள். நாய் சிறுநீர் கழித்த இடத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.

கடி சின்னதா?

கேரளத்தில் 2022இல் மட்டும் வெறிநாய்க்கடி நோயால் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பாலக்காடு மாவட்டத்துக் கல்லூரி மாணவி. கடித்தது தெரு நாயல்ல, அண்டை வீட்டு வளர்ப்பு நாய். நோய் வந்துவிட்டால் மரணம் கிட்டத்தட்ட நிச்சயம். கடித்த நாய் மூன்று கிலோவா முப்பது கிலோவா என்று வைரஸ் பார்ப்பதில்லை.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் வருடா வருடம். செல்லமாகக் கீறினாலும் சரி, ரத்தம் துளிர்த்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘நம்ம நாய்தானே’ என்று மஞ்சள் தடவி விடுவதுதான் உயிருக்கு உலை. உள்ளாட்சியில் பதிவும் அவசியம். 2021இல் திருவனந்தபுரம் அடிமலத்துறை கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டபோது தானாக முன்வந்து வழக்கை எடுத்த கேரள உயர் நீதிமன்றம், வளர்ப்புப் பிராணிகளைப் பதிவு செய்ய வைக்கும்படி உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டது. பதிவு நாய்க்கும் பாதுகாப்பு.

தயிர் சாதம் போதுமா?

போதாது. நாய்க்குப் புரதம் வேண்டும். சைவக் குடும்பம் என்றால் மருத்துவரைக் கேட்டு முழுமையான தீவனத்தைத் தேர்ந்தெடுங்கள். சாம்பாரில் மிதக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே. ஐந்து கிலோ நாய்க்குத் தாத்தா தினமும் ரகசியமாகத் தரும் நாலு பிஸ்கட், நமக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகப் போட்டது மாதிரி.

நடை காலை வெயில் ஏறுவதற்குள். தார்ச் சாலையில் உங்கள் புறங்கையை வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது. மழைக்காலத்தில் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். பஸ் போகும் தெருவில் கயிற்றை விடவே கூடாது. ஓடும் எலியைக் கண்ட டெரியருக்கு எஜமானர் குரல் கேட்காது. குரைப்பும் அதன் கூடப்பிறந்தது. சுவர் ஒட்டிய வீட்டில் முதல் வாரமே பழக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்திவிடுவார்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் டெரியர் 12 முதல் 15 ஆண்டு வாழும். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அதை நடத்திக்கொண்டு போக ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகு, குட்டியைப் பார்க்கப் புறப்படுங்கள்.