இரத்தம் சொல்லும் சேதி

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். வைத்தியர் நாக்கைப் பார்க்கிறார். நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்கிறார். இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தருகிறார். மாலையில் வரும் தாளிலே வெண்குருதிக் கலங்களின் தொகையும் குருதிச் சிறுதட்டுக்களின் தொகையும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் கீழே 'சீ. ஆர். பி.' என்று மூன்று எழுத்துக்களும் எதிரே ஓர் எண்ணும் காணப்படும். அவ்வெண் பெரிதாயிருக்கக் கண்டு கலங்கி நிற்கும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அது சிறிதாயிருக்கக் கண்டு, "ஒன்றுமில்லை" என்று மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடும் தந்தைமாரையும் கண்டிருக்கிறோம். இருசாராரும் செய்யும் தவறு ஒன்றே. அந்த எண் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துக் கூறவில்லை.

அதன் கதை 1930 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே தொடங்குகிறது. பெனிசிலின் வழக்கத்துக்கு வராத காலம் அது. நியூமோனியா கண்டவர் நாட்கணக்காகக் கொதிக்கும் சுரத்தோடு கிடப்பார். பின்னர் ஒருநாள் சுரம் சடுதியாக இறங்கும். அல்லது உயிர் போகும். சுரம் இறங்கியவரைக் கண்டம் தப்பியவர் என்றே சொல்லவேண்டும். றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்து ஆஸ்பத்திரியிலே ஒஸ்வால்ட் ஏவரி என்னும் அறிஞர் இந்நோயின் கிருமியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே பணியாற்றிய வில்லியம் டில்லெற், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர், அக்கிருமியிலிருந்து பிரித்தெடுத்து 'சீ' எனக் குறியிட்ட ஒரு கூற்றை, நோயாளரின் குருதி நீர்ப்பாயத்துடன் கலந்து பார்த்தனர். குருதி உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரே நீர்ப்பாயம் எனப்படுவது. கலந்ததும் அது கலங்கி, அடியிலே வீழ்படிவு தங்கிற்று.

இதிலென்ன புதுமை என்று வாசகர் வினவலாம். கிருமியை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளே இவ்வாறு கலக்கத்தை உண்டாக்கும் என்பது அக்காலத்து அறிஞர் நன்கறிந்த செய்தி. ஆனால் அவை தோன்றுவதற்குச் சில நாட்கள் செல்லும்; நோய் தணியும் வேளையிலேதான் அவை பெருகி நிற்கும். இங்கே நிகழ்ந்ததோ நேர்மாறு. நோயின் முதல் நாட்களிலே கலக்கம் மிகுந்திருந்தது. கண்டம் கழிந்து நோயாளர் எழுந்தமர்ந்ததும் அது மறைந்துபோயிற்று. அன்றியும், நியூமோனியாக் கிருமியோடு தொடர்பேயில்லாத வேறு சில நோயாளரின் குருதியிலும் அதே கலக்கம் காணப்பட்டது. ஆகவே அது அந்தக் கிருமிக்கென்றே எழுந்த எதிரி அன்று. உடம்பு இடருற்றதும் குருதியில் தோன்றும் ஏதோ ஒரு பொருள் என்பது புலனாயிற்று. அது ஒரு புரதம் என்பதும், அது வினைபுரியக் கல்சியம் வேண்டும் என்பதும் 1941 இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயின. 'சீ' கூற்றோடு தாக்கமுறுவதால் சீ-தாக்கப் புரதம் என்ற பெயர் நிலைத்தது. தாளில் காணும் மூன்று எழுத்துக்கள் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே.

(மாணவர்களுக்கு ஒரு செய்தி. டில்லெற் பின்னாளில், 1933 இல், குருதிக்கட்டியைக் கரைக்கும் பொருளொன்றைக் கிருமியிலே கண்டறிந்தார். பிரான்சிஸ், இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியின் பெரும் பரிசோதனையை நடத்தி 1955 இல் அதன் முடிவை உலகுக்கு அறிவித்தார். ஏவரியோ 1944 இல் இரு துணைவரோடு பரம்பரைப் பொருள் இன்னதென்று காட்டினார். ஒரே கூரையின் கீழ் இத்தனை பேர் கூடியிருந்தனர் என்பது எமக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.)

இப்புரதத்தை ஆக்குவது ஈரல். நந்தியாவட்டைப் பூவின் ஐந்து இதழ்கள்போல ஐந்து ஒத்த கூறுகள் வட்டமாகச் சேர்ந்தது அது. கிருமிகளின் மேற்பரப்பிலும் அழிந்த கலங்களின் மேற்பரப்பிலும் சென்று ஒட்டி, 'இங்கே அகற்றவேண்டியது உண்டு' என்று உடலின் காவற்படைக்கு அடையாளம் இடுகிறது. சுகதேகிகளிற் பெரும்பாலாரிடம் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே அது இருக்கும். கடுமையான பற்றீரியாத் தொற்றிலோ பெருங்காயத்திலோ 300, 400 என்று ஏறவும் கூடும்.

ஏறுவதற்கு நேரம் வேண்டும் என்பதே இங்கு ஊன்றி நோக்கவேண்டியது. இடர் நேர்ந்து ஆறு மணித்தியாலம் அளவில்தான் அது குருதியில் உயரத் தொடங்கும். உச்சத்தை அடைய ஏறக்குறைய இரண்டு நாள் செல்லும். காலையில் காய்ச்சல் தொடங்கிய பிள்ளைக்கு நண்பகலிலே குருதி எடுத்து, எண் சிறிதென்று ஆறுதல் அடைவதிற் பொருளில்லை. குருதியிலிருந்து அது நீங்கும் வேகமோ நோயிலும் சுகத்திலும் ஒன்றே: சுமார் 19 மணித்தியாலத்தில் பாதி மறைந்துவிடும். கசிவு மாறாத ஒரு தொட்டியிலே நீர்மட்டம் உயர்ந்தால், குழாய் வேகமாகத் திறந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஈரலுக்குக் கட்டளை நின்றதும் மட்டம் விரைந்து தாழும். முதல்நாள் 160, மூன்றாம் நாள் 60 என்றால் மருந்து பிடிக்கிறது என்று வைத்தியர் மகிழ்வது இதனாலேதான். தனித்த ஓர் எண்ணிலும் பார்க்க இரண்டு எண்களுக்குப் பெறுமதி அதிகம்.

பற்றீரியா என்றால் கூடும், வைரசு என்றால் குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் மெய்யே, ஆயினும் விலக்குகள் மிகப் பல. டெங்குவிலே இவ்வெண் பெரிதும் உயராமலேயே நோய் ஆபத்தை நோக்கிச் செல்லலாம். அங்கே சிறுதட்டுக்களையும் குருதியின் செறிவையுமே வைத்தியர் கவனிப்பர். ஈரல் பழுதுற்றவரிடம் பெருந்தொற்று இருந்தும் எண் ஏறாதிருக்கலாம். நெருப்பு உண்டு என்று சொல்லும் மணி, எந்த அறையிலே நெருப்பு என்று சொல்வதில்லை.

இனி, காய்ச்சலே இல்லாதவர் குருதியில் இப்புரதம் சற்றே உயர்ந்து, மாதக்கணக்காக அப்படியே நிற்பதும் உண்டு. வயிற்றுப் புறத்திலே திரண்ட கொழுப்பு வெறும் சேமிப்பன்று. அதிலிருந்து இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் ஈரலுக்கு ஓயாது செல்கிறது. கிருமியொன்றும் இல்லாமலே ஈரல் இப்புரதத்தைச் சிறிது சிறிதாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் நீரிழிவு இல்லாத 27,628 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2001 இல் வெளியாயிற்று. நான்கு ஆண்டுகளுள் நீரிழிவு கண்ட 188 பேரை, அது காணாத 362 பேரோடு ஒப்பிட்டனர். தொடக்கத்திலேயே இப்புரதம் மிகுந்திருந்தவர்களுக்கு, பருமன் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும், நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. இருதய நோயிலும் இத்தகைய தொடர்பு முன்னரே காணப்பட்டிருந்தது.

அப்படியாயின் இப்புரதமே குற்றவாளியா? பிறவியிலேயே இதனைச் சற்று அதிகமாக ஆக்கும் பரம்பரை அலகு உடையோரை ஆராய்ந்து 2009 இலும் 2011 இலும் விடை கண்டனர். அவர்களுக்கு இருதய நோய் அதிகமாக வரவில்லை. ஆகவே மணியை உடைப்பதனால் நெருப்பு அணையாது. எடை குறைவதும் புகைத்தலை விடுவதும் இவ்வெண்ணைத் தாழ்த்துவது, உள்ளே கனன்றுகொண்டிருப்பது தணிவதாலேயே.

இச்சிறு உயர்வை அறிவதற்கு நுண்ணிய அளவீடு வேண்டும். இருதய நோயைப் பொறுத்தவரை லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் தாழ்ந்த ஆபத்து, 3 க்கு மேல் கூடிய ஆபத்து என்று 2003 இல் அமெரிக்க நிபுணர் வகுத்தனர். 10 க்கு மேல் வந்தால் அதனை விட்டுவிட்டு, இரண்டு வாரங்களின் பின் மீண்டும் பார்க்கவேண்டும் என்பதும் அவர்களது விதி. ஒரு சாதாரண தடிமன் காய்ச்சலோ பல்வலியோ கணக்கைக் குழப்பிவிடும் அன்றோ?

தாளை வாசிப்பவர் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகையும் வாசிக்கவேண்டும். சில பரிசோதனைச் சாலைகள் லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், வேறு சில டெசிலீற்றருக்கு இத்தனை என்றும் அச்சிடுகின்றன. ஓரிடத்தில் 1.2 என்பது மற்றோரிடத்தில் 12. முதல்நாள் ஓரிடத்திலும் மூன்றாம் நாள் வேறோரிடத்திலும் குருதி கொடுத்துவிட்டு, எண் பத்திலொன்றாக இறங்கிவிட்டது என்று மகிழ்ந்த குடும்பமொன்றை நாம் அறிவோம். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தது, அவ்வீட்டிலே உயர்தர வகுப்பில் படிக்கும் பெண்பிள்ளை. அன்றிரவே நோயாளியை மீண்டும் வைத்தியரிடம் கொண்டுசென்றார்கள்.