அத்தர் பூசியவருக்கு அனுமதி இல்லை

ஜும்ஆ முடிந்து அத்தர் மணக்க மணக்க வந்தீர்களென்றால் இந்தக் கிணற்றுக்குக் கிட்டவும் உங்களை விடமாட்டார்கள். அந்த வாசனையின் ஆவி கொஞ்சம் போத்தலுக்குள் புகுந்தாலே ஆய்வுகூடக் கணக்கு குழம்பிவிடுமாம்! வரும் வழியில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்தவருக்கும் அதே கதிதான்.

எரிபொருள் தாங்கிகள் நிற்கிற இடத்தில் நிலத்தடி நீரை எப்படி வேவு பார்க்கிறார்கள் என்று துருவப்போய், எனக்கு இந்த வேலையின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

முதலில் அந்தக் கிணறு. கட்டும் இல்லை, கப்பியும் இல்லை. இரண்டு அங்குல பீவிசி குழாய் ஒன்று, அவ்வளவுதான்! அதன் கீழ்ப்பகுதியில் மயிரிழை போன்ற வெட்டுகள். சுற்றிவரச் சலித்த மணல். மேலே மழைநீர் வழிந்து இறங்காமல் களிமண் அடைப்பு. அதற்கு மேல் பூட்டு. வெட்டுகள் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருந்தே ஆகவேண்டும். டீசல் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். வெட்டு முழுவதும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் மிதப்பது உள்ளே வராது. கிணறு சமர்த்தாகப் பொய் சொல்லும். ஒரு கிணறு மட்டும் போதாது. தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிய முக்கோணமாய்க் குறைந்தது மூன்று வேண்டும்.

அடுத்து வருவதுதான் என் செல்லக் கருவி. அளவுநாடாவின் நுனியில் ஒரு உணரி. குழாய்க்குள் இறக்கினால் எண்ணெய் தொட்டதும் ஒரே இழுப்பாக ஊளையிடும். தண்ணீர் தொட்டதும் விட்டுவிட்டுக் கூவும். இரண்டு சத்தத்துக்கும் இடையிலான நீளம்தான் மிதக்கும் எண்ணெயின் தடிப்பு. அதையும் அப்படியே நம்பக்கூடாதாம். மண்ணுக்குள் இருப்பதைவிடக் குழாய்க்குள் அது தடிப்பாகவே காட்டும்.

இதை எங்கள் ஒலுவில் மணலில் வைத்து யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. கடற்கரை மணலில் நல்ல தண்ணீரே உப்புத்தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இறங்கியிருக்கும் என்பது பழைய கணக்கு. துறைமுகப் பக்கம் ஒரு டீசல் தாங்கி கசிந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள்: அடியில் உப்பு, நடுவில் நன்னீர், மேலே எண்ணெய். மூன்று மாடி வீடு! போதாக்குறைக்குக் கடல் ஏறி இறங்க, கரையோரத்தில் வீடு முழுவதுமே ஏறி இறங்கும். அதனால் எல்லாக் கிணறுகளின் மட்டத்தையும் ஒரே மூச்சில் ஓடியோடி அளக்கவேண்டும். இறைப்பதோ ஆமை வேகத்தில், நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் குறைவாக. அவசரப்பட்டால் கீழ்மாடி மேலே வரும், மேல்மாடி கீழே போகும்.

போத்தல் சடங்கு இன்னும் சுவை. 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, அதற்குள் முன்கூட்டியே சில துளி அமிலம். பக்டீரியாக்கள் வழியிலேயே பெற்றோல் கூறுகளைத் தின்று தீர்த்துவிடாமலிருக்க! வாய் விளிம்பில் தண்ணீர் குமிழாக எழும்பும் வரை நிரப்பி, மூடி, தலைகீழாய்ப் பிடித்துத் தட்டுவார்கள். காற்றுக்குமிழி ஒன்று எட்டிப்பார்த்தால் அது கழிவு. பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஓடி ஒளிந்துவிடும். ஐஸ் பெட்டிக்குள் ஒரு சும்மா பயணியும் உண்டு. ஆய்வுகூடத்திலிருந்து சுத்தத் தண்ணீரோடு வந்து, ஒருதரமும் திறக்கப்படாமல் ஊர் சுற்றித் திரும்பும் குப்பி. அதில் பெற்றோல் அகப்பட்டால் குற்றவாளி கிணறு இல்லை, பயணம்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்றால் சுன்னாகத்தைக் கேட்கலாம். அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் வாளியோடு எண்ணெயும் ஏறியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நம் மணல் போலச் சல்லடை அல்ல. வெடிப்பும் பொந்துமாக, விழுந்தது எங்கெங்கோ ஓடும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை 150 கிணறுகளைச் சோதித்தது. 109 இல் எண்ணெயும் கிரீஸும் அளவு மீறியிருந்தன. வட மாகாண சபையின் நிபுணர் குழுவோ பிறகு வேறு விதமாகச் சொன்னது. ஒரே மண், இரண்டு பதில்! தெற்கிலிருந்து ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சூழலியலாளர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நீர் வழங்கல் சபையின் சோதனைகளின் பக்கம் நின்று, அந்த அனல்மின் நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றது. கிணறு துப்புரவாக்கச் சொந்தக்காரர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை. அந்தக் காசில் எத்தனை தரம் கிணறு இறைக்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதெல்லாம் அறிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? எங்கள் வளவுக் கிணற்றில் வானவில் நிறத்தில் ஒரு படலம். ஆய்வாளர்களிடம் இதற்கும் ஒரு வித்தை இருக்கிறது: குச்சியால் தொட்டால் எண்ணெய்ப் படலம் விலகி மறுபடி ஒட்டிக்கொள்ளும், இரும்பு பக்டீரியாப் படலம் கண்ணாடி போலத் துண்டுதுண்டாய் உடையும். தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து எட்டிக் குத்தினேன். உடைந்தது! இரும்புதான். வெள்ளிக்கிழமை, கழுத்துவரை அத்தர். நல்லகாலம், ஈர்க்கு அதையெல்லாம் பார்ப்பதில்லை.