மாலி நாட்டின் நாணயப் பிரச்னை

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி, நில விஸ்தீரணத்தில் பெரியது. செல்வத்தில் மிகச் சிறியது. அதற்குக் கடற்கரை இல்லை. வடபாகம் முழுதும் சகாரா பாலைவனம். தங்கமும் பருத்தியுமே அதன் ஏற்றுமதியில் பிரதானமானவை. தங்கம் எடுக்கும் பூமியாயிருந்தும் உலகத்தின் வறிய தேசங்களின் வரிசையிலேயே அது இன்னும் நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சியினின்று 1960-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி அந்நாடு விடுதலை பெற்றது. ஆயினும் அதன் சந்தைகளில் இன்று கைமாறும் நாணயம், 1945-ம் வருஷம் டிசம்பரில் பாரிஸ் சர்க்கார் ஏற்படுத்திய ஸி.எப்.ஏ. பிராங்க்தான். அம்மூன்று எழுத்துக்களும் அன்று 'பிரெஞ்சு ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள்' என்பதைக் குறித்தன. பிற்காலத்தில் அவற்றின் பொருளை மாற்றினார்கள், எழுத்துக்களை மாற்றவில்லை.

மாலி, புர்கினா பாஸோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் 2023-ல் தமக்குள் ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டன. தங்களுக்கென ஒரு சொந்த நாணயம் வேண்டுமென்ற கோரிக்கை அங்கே பலமாக எழுந்திருக்கிறது. அக்கோரிக்கை நியாயமானதே. ஆனால் இதே மாலி முன்னொரு முறை சொந்த நாணயத்தைக் கண்டு, அதை நடத்த முடியாமல் கைவிட்ட சரித்திரத்தையும் நாம் சிந்திக்க வேண்டும்.

இப்பொழுதுள்ள ஏற்பாடு யாது? ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று விகிதம் கட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பிரெஞ்சு கஜானா ஜாமீன் நிற்கிறது. அந்த ஜாமீனுக்கு ஈடாக, அங்கத்தினர் நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஒரு பெரும் பங்கு பல்லாண்டுகளாகப் பாரிஸில் முடங்கிக் கிடந்தது. 2019-ம் வருஷம் டிசம்பரில் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத்தால் மேற்கு ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளுக்கு அந்த நிபந்தனை நீங்கியது. மத்திய பாங்கியின் நிர்வாக சபையில் பிரெஞ்சுப் பிரதிநிதிகள் அமரும் வழக்கமும் ஒழிந்தது. விகிதமும் ஜாமீனும் அப்படியே இருக்கின்றன.

இதில் நன்மையே இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. சர்க்கார் நினைத்தபடியெல்லாம் நோட்டு அடிக்க வழியில்லாததால், அண்டை நாடுகள் சிலவற்றில் விலைவாசி ஏறிய வேகத்தில் இங்கே ஏறவில்லை. கூலிக்காரனுக்கு அது ஒரு பாதுகாப்பே. ஆனால் அதற்கு விலை கொடுப்பவன் குடியானவன். பருத்தி உலகச் சந்தையில் டாலருக்கு விற்கிறது. ஐரோப்பாவின் காரணங்களால் யூரோவின் மதிப்பு உயர்ந்தால், மாலியின் பிராங்கும் கூடவே உயர்கிறது. அதே பருத்திக்குக் கிடைக்கும் பிராங்க் குறைகிறது. இந்த வேதனை நம் தேசத்தாருக்குப் புதிதன்று. ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸாக இருக்க வேண்டுமென்று நம் தலைவர்கள் எவ்வளவோ வாதாடியும், 1927-ல் அந்நிய சர்க்கார் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்றே சட்டம் செய்தது. விளைபொருளைக் கடல் கடந்து அனுப்பிய விவசாயியின் கைக்கு வந்த ரூபாய் அதனால் குறைந்தது. 1994-ம் வருஷம் ஜனவரியிலோ, பிரான்ஸும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் நெருக்கியதன்பேரில் ஸி.எப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாக்கப்பட்டது. பருத்தி விற்றவர்களும் கால்நடை விற்றவர்களும் அதனால் ஓரளவு லாபமடைந்தது உண்மை. மருந்தும் அரிசியும் வாங்கியவர்கள் தவித்ததும் உண்மை. லாபமாயினும் நஷ்டமாயினும், தீர்மானித்தவர்கள் மாலியின் ஜனங்கள் அல்லர்.

இனிப் பழைய சரித்திரத்தைப் பார்ப்போம். முதல் ஜனாதிபதி மோடிபோ கெய்ட்டா 1962-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி மாலி பிராங்கை வெளியிட்டார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் நாணயத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய உற்பத்தி பெருகவில்லை. சர்க்கார் நடத்திய வியாபார ஸ்தாபனங்கள் நஷ்டப்பட்டன. பற்றாக்குறையை மத்திய பாங்கியின் நோட்டு நிரப்பியது. எல்லைக்கப்பால் புதிய நோட்டை வாங்குவாரில்லை. மாடுகளை ஓட்டிச் சென்று விற்றவர்கள் அங்கே கிடைத்த பழைய பிராங்கையே பத்திரப்படுத்தினர். புதிய நாணயம் வந்த அதே மாதத்தில் பமாக்கோ நகரத்து வியாபாரிகள் எதிர்ப்புக் காட்டினர். பீலி தாபோ சிஸ்ஸோகோ முதலிய எதிர்க்கட்சித் தலைவர்கள் பிடிக்கப்பட்டுத் தண்டனையடைந்து, 1964-ல் பாலைவனத்திலேயே காவலில் மாண்டனர். குறை சொன்னவர்களின் வாய் அடைக்கப்பட்டது, குறை அடைபடவில்லை. 1967-ல் கெய்ட்டாவின் சர்க்காரே பிரான்ஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டு நாணயத்தின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தது. மறுவருஷம் நவம்பரில் ராணுவம் அவரை வீழ்த்தியது. 1984-ல் இரண்டு மாலி பிராங்குக்கு ஒரு ஸி.எப்.ஏ. பிராங்க் என்ற கணக்கில் அந்நாடு பழைய வளையத்துக்குள் திரும்பவும் புகுந்தது.

அப்படியானால் பிறர் வளையத்துக்குள் இருப்பதே க்ஷேமம் என்று முடிவு கட்டலாமோ? கூடாது. 2022-ம் வருஷம் ஜனவரியில், தேர்தலை ஒத்திப்போட்டதற்காக அண்டை நாடுகள் மாலியின்மீது தண்டனை விதித்தன. டாக்கர் நகரத்திலிருக்கும் பொது மத்திய பாங்கியில் மாலிக்கிருந்த பணம் முடக்கப்பட்டது. கடன் தவணைகளைக் கட்ட முடியாமல் அந்நாடு தவறியது. ஜூலையில்தான் தடை நீங்கியது. பூட்டின் சாவி பாரிஸில் இருந்தாலென்ன, டாக்கரில் இருந்தாலென்ன? தன் பணத்தைத் தானே எடுக்க முடியாத ராஜ்யத்தின் சுதந்திரம் பூரணமானதன்று.

ஆகவே சொந்த நாணயம் வேண்டுமென்போர் பக்கமே நாம் நிற்கிறோம். ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நோட்டு என்பது சர்க்கார் தன் பிரஜைகளுக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குச் சீட்டு. வாக்குத் தவறினால் ஏனென்று கேட்க ஜனங்களுக்கு உரிமை இருக்கும்வரையில்தான் அதற்கு மதிப்பு உண்டு. மாலியிலோ 2020-லும் 2021-லும் ராணுவம் அதிகாரத்தைக் கைப்பற்றியது. 2025-ம் வருஷம் மே மாதத்தில் அரசியல் கட்சிகள் அனைத்தும் கலைக்கப்பட்டன. வரவு செலவைக் கேட்பாரின்றி ஆளும் சர்க்காரின் கையில் அச்சு யந்திரத்தையும் ஒப்படைத்தால், 1962-ன் கதையே மீண்டும் நடக்கும்; அப்பொழுதும் அடிபடப்போகிறவன் குடியானவனும் கூலிக்காரனுமே.

சர்க்கார் மத்திய பாங்கியிடம் வாங்கும் கடனுக்குச் சட்டத்தால் வரம்பு கட்டுவதும், அவ்வரம்பு மீறப்படாமல் காக்க ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்றை அமைப்பதும் முதற்காரியங்கள். பூமியிலிருந்து வெளியேறும் தங்கத்தில் உரிய பங்கைக் கஜானாவிலே சேர்த்துக் கையிருப்பைப் பலப்படுத்துவது அடுத்த காரியம். இவற்றைச் செய்தபின் வெளிவரும் நாணயத்தை மாலியின் குடியானவன் நம்பி வாங்குவான். அவன் நம்பி வாங்குகிற நாணயத்துக்குப் பாரிஸின் ஜாமீன் தேவையில்லை.