பரிசல் ஏன் சுற்றுகிறது?

போன வருடம் எங்கள் மெக்கானிக்கல் பிரிவிலிருந்து சிலபேர் பரளிக்காடு போய் வந்தோம். கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாக சுமார் 70 கி.மீ. அட்டப்பாடிப் பக்கமிருந்து வரும் பவானியைத் தடுத்துக் கட்டிய பில்லூர் அணையின் நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. கோவைக்குக் குடிதண்ணீரும் தருகிறது, மின்சாரமும் தருகிறது. சுற்றிலும் யானைக்காடு. வனத்துறை ஏற்பாட்டில் மலைவாழ் மக்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். (மதியம் அவர்கள் போட்ட ராகிக் களிக்குத் தனிக்கட்டுரையே எழுதலாம், இடமில்லை!)

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டும் பயம்தான். "ஏனுங்ணா, இது கவுந்துராதுங்களா?" என்றேன். "ஆளு அடங்கி உக்காந்தா கவுறாது கண்ணு" என்றார் பரிசல்காரர்.

நடுத் தண்ணீரில் நம்ம நண்பர் ஒருவர் போட்டோ எடுக்க எழுந்து நின்றார். அவ்வளவுதான், ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. பரிசல்காரர் போட்ட சத்தத்தில் நண்பர் தொப்பென்று உட்கார்ந்தார். பரிசலும் நிமிர்ந்துகொண்டது.

ஏன் நிமிர்ந்தது? பரிசல் அகலமானது. சாயும்போது, சாய்ந்த பக்கம் கூடுதலாகத் தண்ணீரில் அமுங்குகிறது. எனவே தண்ணீரின் மேல்நோக்கு விசை அந்தப் பக்கம் நகர்ந்து, திருப்பி நிமிர்த்துகிறது. நாம் எழுந்து நின்றால் புவியீர்ப்பு மையம் மேலே போய்விடும், விளிம்போரம் நின்றால் பக்கவாட்டிலும் போய்விடும். அப்புறம் நிமிர்த்த ஆளில்லை.

சுற்றுவதற்குக் காரணம் வேறு. நீளப் படகு எளிதில் திரும்பாது, அதன் நீளமே தண்ணீரில் தடுக்கும். வட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. ஒரு ஓரமாகத் துடுப்புப் போட்டால் உடனே சுழலும். ஆகவே பரிசல்காரர் முன்விளிம்பில் உட்கார்ந்து, இடமும் வலமும் மாற்றி மாற்றித் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். நமக்கு வேடிக்கை காட்டத்தான் சுற்றுவதெல்லாம்!

மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து கூடைபோல முடைந்து, அந்தக் காலத்தில் அடியில் தோல் கட்டினார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. பாறை நிறைந்த ஆழமில்லாத ஆற்றிலும் போகும். தெங்குமரஹாடா மக்கள் பல வருடங்களாக மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் பஸ் ஏறினார்கள். நமக்கு உல்லாசம், அவர்களுக்கு அது ரோடு.

எவ்வளவு முங்கும் என்று ஊருக்கு வந்து கணக்குப் போட்டேன். விட்டம் 2 மீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர மீட்டர். ஐந்து பேரும் பரிசலும் சேர்த்து 350 கிலோ என்று வைத்தால், 0.35 கன மீட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். வகுத்தால் சுமார் 11 செ.மீ.! அடி கிண்ணம்போல் வளைந்திருப்பதால் கொஞ்சம் கூடலாம்.

எங்கப்பா பள்ளிக்கூடம் போகாதவர், சின்ன வயதில் பவானியில் பரிசல் போட்டவர். இதை நான் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டைக் காட்டி விளக்கினேன். கையை விரித்துச் சாண் அளந்து பார்த்தார்.

"அரைச்சாண் முங்கும்னு எனக்கு அப்பவே தெரியும். இதுக்கு மூணு வருசம் படிக்கோணுமா?" என்று சிரித்தார்.