ஆங்கிலத்தில் “ஆமாம்” எது, “இல்லை” எது?

மும்பையில் ஒரு பள்ளிக்கூடம். பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால் நம்மவர் ஒருவர் நிற்கிறார். மகளின் பீஸை நேற்றே பாங்கியில் கட்டிவிட்டார். ரசீது வாங்க வந்திருக்கிறார்.

“ஹேவன்ட் யூ பெய்ட் தி ஃபீஸ்?” என்று குமாஸ்தா கேட்கிறார்.

“நோ, சார்!” என்கிறார் நம்மவர்.

“அப்படியானால் அபராதத்தோடு கட்டுங்கள்” என்று குமாஸ்தா ஒரு தாளை நீட்டுகிறார். நம்மவருக்குக் கோபம் வருகிறது. குரல் உயர்கிறது. பின்னால் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு இது புதிதல்ல. இதில் தவறு யாருடையது? இருவருடையதும் அல்ல. அந்த “நோ” தமிழ் “நோ”. குமாஸ்தா கேட்டது ஆங்கில “நோ”.

“இன்னும் பணம் கட்டவில்லையா?” என்று தமிழில் கேட்டால், “இல்லை சார், கட்டிவிட்டேன்” என்போம். கேட்டவர் நினைத்தது சரியில்லை என்று அந்த “இல்லை” சொல்கிறது. “சான்றிதழ் கொண்டு வரவில்லையா?” என்றால், “ஆமாம் சார், மறந்துவிட்டேன்” என்போம். தமிழில் நாம் கேட்டவரின் பேச்சுக்குப் பதில் சொல்கிறோம்.

ஆங்கிலத்திலோ நடந்த காரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பணம் கட்டியிருந்தால், எப்படிக் கேட்டாலும் “எஸ்”. கட்டாவிட்டால் “நோ”. அவ்வளவுதான்.

அவசரத்தில் இது குழம்பும். அதற்கு ஒரு வழி உண்டு. “எஸ்”, “நோ” என்பதோடு நிறுத்தாதீர்கள். “ஐ ஹாவ் பெய்ட்” என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். முதல் சொல் தவறினாலும் பின்னால் வருவது உங்களைக் காப்பாற்றிவிடும்.

மரியாதை எங்கே இருக்கிறது?

“கொடுங்கள்”, “வாருங்கள்” என்று சொல்லின் வாலில் மரியாதையை வைக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. “கொடு” என்றாலும் “கிவ்”. “கொடுங்கள்” என்றாலும் “கிவ்”. நீ, நீங்கள், தாங்கள் எல்லோருக்கும் ஒரே “யூ”தான்.

அதனால் நாம் பணிவோடு நினைத்துக்கொண்டு “ஐ வான்ட் லீவ் டுமாரோ” என்கிறோம். மேலதிகாரியின் காதில் அது உத்தரவு போல விழுகிறது. இவ்வளவு அடக்கமான பையன் ஏன் இப்படிப் பேசுகிறான் என்று அவர் நினைக்கிறார்.

ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் தலையில் இருக்கிறது. “மே ஐ டேக் லீவ் டுமாரோ?” என்று ஆரம்பித்தால் அது விண்ணப்பம். “குட் யூ ப்ளீஸ் சைன் திஸ்?” என்றால் வேண்டுகோள். “மே ஐ”, “குட் யூ” ஆகிய இரண்டும் நாவில் பழகிவிட்டால் போதும். வரிக்கு வரி “சார்” போட வேண்டியதில்லை.

ஐந்து வருடக் கணக்கு

“எவ்வளவு காலமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள்?” நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி இது. “ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்” என்பதை அப்படியே மாற்றி, “ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” என்கிறோம். தமிழர் மட்டுமல்ல, இந்தியர் பலரும் செய்யும் தவறு இது.

சரியான வாக்கியம், “ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.” இதை நினைவில் வைக்கத் தமிழே உதவும். “ஐந்து வருடமாக” என்று “ஆக” வந்தால் “ஃபார்”. “2019 முதல்” என்று “முதல்” வந்தால் “சின்ஸ்”.

“ஐ வொர்க்ட் தேர்” என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் அங்கேயே இருந்துகொண்டு அப்படிச் சொன்னால், “ஏன் விட்டீர்கள்?” என்று அடுத்த கேள்வி வரும்.

சம்பளத்தைக் கேளுங்கள்

கூச்சத்தால் நம்மவர்கள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. கம்பெனி சொல்லும் “சி.டி.சி.” தொகையைக் கேட்டதும் தலையாட்டிவிடுகிறோம். அது முழுவதும் கைக்கு வருவதில்லை. பிராவிடண்ட் பண்டுக்கு முதலாளி கட்டும் பங்கையும் பல கம்பெனிகள் அதில் சேர்த்தே சொல்கின்றன. உங்கள் பங்கும் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

எனவே, “வாட் வில் பி மை டேக் ஹோம் பே?” என்று கேளுங்கள். மாதாமாதம் கையில் எவ்வளவு வரும் என்பதே இதன் பொருள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு இதைவிட முக்கியமான ஆங்கில வாக்கியம் வேறில்லை.

மகன் மொழிபெயர்ப்பாளன்!

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பெற்றோர் கூட்டம் நடக்கிறது. ஆசிரியை ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார். அப்பாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நிற்கும் மகன், “நான் நல்லாப் படிக்கிறேன்னு மிஸ் சொல்றாங்கப்பா” என்கிறான். உண்மையில் அவர் சொன்னது, பையன் மூன்று வாரமாக வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பது!

சிரிப்பாக இருந்தாலும் இதில் நஷ்டம் நமக்குத்தான். பையன் கணக்கில் பின்தங்கியது பரீட்சை முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது. “ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி” என்று ஆசிரியையிடம் சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கேள்விகள் போதும். “ஹவ் இஸ் ஹி டூயிங் இன் மேத்ஸ்?” கணக்கில் எப்படி இருக்கிறான்? “வேர் டஸ் ஹி நீட் ஹெல்ப்?” எதில் அவனுக்கு உதவி தேவை? மகளாக இருந்தால் “ஹி” இருக்கும் இடத்தில் “ஷி”.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தாய் தகப்பனுக்கு ஆங்கிலம் வராது என்பதற்காகப் பிள்ளைக்கு இடம் மறுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்று அதன் 13-வது பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதிரே இருப்பவரும் நம்மைப் போலத்தான்

ஒரு காலத்தில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் சான்றிதழோடு ரயிலேறி பம்பாய்க்கு வந்தார்கள் நம் இளைஞர்கள். மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கி ஆபீஸ்களில் பெயரெடுத்தார்கள். பிறர் சொல்வதைக் குறிப்பெடுப்பதும் தட்டெழுதுவதும் அவர்கள் வேலை. இன்றைய குமாஸ்தாவோ போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்தில் எழுந்து கணக்குச் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது.

ஆனால் பயம் வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அவர் மராத்தியிலோ குஜராத்தியிலோ நினைத்துத்தான் பேசுகிறார். அவரும் ஒரு காலத்தில் தவறு செய்து கற்றவரே.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். “ஹேவன்ட் யூ ஈட்டன்?” என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். சாப்பிட்டிருந்தால் “எஸ், ஐ ஹாவ்” என்று பதில் சொல்லுங்கள். தவறினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! வீட்டில் பத்து முறை தவறினால் ஆபீசில் ஒரு முறை தவறாமல் இருக்கலாம்.