நிண்டெண்டோவின் 2025: நல்ல ஆண்டுதான், ஆனால் விலை ஏன் இறங்கவில்லை?

டிசம்பர் வந்தால் வீடியோ கேம் ரசிகர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். தங்களுக்குப் பிடித்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டுக்கான மதிப்பெண் போடுவார்கள். எத்தனை நல்ல விளையாட்டுகள் வந்தன, எது ஏமாற்றியது, கொடுக்கும் காசுக்குக் கருவி தகுமா என்று பேச்சு நீளும். உங்கள் வகுப்பிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும். தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டு, "இப்போதே வாங்கலாமா, விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா?" என்று நீங்களே யோசித்துக்கொண்டிருக்கலாம்.

இந்த ஆண்டு அந்தக் கேள்விக்குப் பழைய விடை பொருந்தவில்லை. அதற்கான காரணத்தைத் தேடிப் போனால், பாதி வழியில் நம் ஜோகூர் மாநிலமே வந்து நிற்கிறது!

முதலில் நிறைகள்

நிண்டெண்டோவுக்கு 2025 பெரிய ஆண்டு. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜூன் 5ஆம் தேதி சுவிட்ச் 2 வெளியானது. முதல் 4 நாட்களில் 3.5 மில்லியன் கருவிகள் விற்றன. நிண்டெண்டோவின் வரலாற்றில் வேறெந்தக் கருவியும் இவ்வளவு வேகமாக விற்றதில்லை. செப்டம்பர் முடிவதற்குள் எண்ணிக்கை 10 மில்லியனைத் தாண்டியது.

கருவியும் நன்றாக வளர்ந்திருக்கிறது. 2017இல் வந்த முதல் சுவிட்சில் நினைவகம் 4 ஜிபி, சேமிப்பகம் 32 ஜிபி, திரை 6.2 அங்குலம். சுவிட்ச் 2இல் நினைவகம் 12 ஜிபி, சேமிப்பகம் 256 ஜிபி, திரை 7.9 அங்குலம். என்விடியா நிறுவனம் வடிவமைத்த அதன் சில்லு ஒரு தந்திரமும் செய்கிறது. படத்தைச் சிறிய அளவில் வரைந்துவிட்டு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு அதைப் பெரிய, தெளிவான படமாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு வரைவதைவிட இதற்குக் குறைந்த உழைப்பே போதும்.

விளையாட்டுகளுக்கும் குறைவில்லை. ஜூனில் மரியோ கார்ட் வேர்ல்ட், ஜூலையில் டாங்கி காங் பனான்சா, அக்டோபரில் புதிய போக்கிமான், டிசம்பரில் ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் காத்திருந்த மெட்ராய்டு பிரைம் 4 என்று வரிசையாக வந்தன. மலேசியர்களுக்கு மேலும் ஒரு நல்ல செய்தி. நிண்டெண்டோவின் இணையக் கடை நவம்பரில் நம் நாட்டுக்கும் திறக்கப்பட்டது. அதுவரை இங்குள்ளவர்கள் வேறு நாட்டுக் கணக்கை உருவாக்கித்தான் வாங்கிவந்தார்கள்.

பிறகு முணுமுணுப்புகள். கடினமான விளையாட்டு ஆடினால் மின்கலம் 2 மணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடும். பழைய சுவிட்சின் ஒரு வகையில் இருந்த ஓஎல்இடி திரை புதியதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விலை.

எட்டு வயதுக் கருவிக்கு விலையேற்றம்

நாட்டுக்கு நாடு விலை மாறும் என்பதால், ஒப்பிடுவதற்கு வசதியாக அமெரிக்க விலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் சுவிட்ச் 2017இல் 300 டாலருக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் அந்த விலை இறங்கவேயில்லை. 2025 ஆகஸ்டில் நிண்டெண்டோ அதை 340 டாலராக உயர்த்தியது. புதிய கருவி வந்துவிட்டது, பழையது இன்னும் விலை ஏறுகிறது!

இது நிண்டெண்டோவின் கதை மட்டுமன்று. 2020இல் 500 டாலருக்கு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்த ஆகஸ்டில் 550 ஆனது. அதே 500இல் தொடங்கிய மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இந்த ஆண்டில் இருமுறை ஏறி 650ஐத் தொட்டது.

உங்கள் அண்ணனிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் காலத்து வழக்கம் வேறு. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்தது. 2002இல் 199, 2004இல் 149, 2006இல் 129, 2009இல் 99 என்று படிப்படியாக இறங்கியது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது அன்று ரசிகர்களுக்கும் பொருந்தியது. இன்று ஏன் பொருந்தவில்லை?

அன்று ஏன் இறங்கியது?

தீபாவளிக்கு வீட்டில் பிஸ்கட் செய்வதை நினைத்துப் பாருங்கள். மாவைத் தட்டிப் பரப்பி, அச்சு வைத்து வெட்டுகிறோம். மாவின் செலவு ஒன்றுதான். அச்சு சிறிதானால் அதே மாவில் அதிகப் பிஸ்கட்டுகள் கிடைக்கும். சில்லு தயாரிப்பும் இப்படித்தான். வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒன்றாக உருவாக்கி, பிறகு வெட்டியெடுக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். வேஃபரின் விட்டம் 300 மில்லிமீட்டர். அப்படியானால் அதன் பரப்பு 3.14 × 150 × 150, அதாவது 70,650 சதுர மில்லிமீட்டர். ஒரு சில்லுக்கு 200 சதுர மில்லிமீட்டர் தேவை என்றால், ஓரத்தில் வீணாவதை விட்டுவிட்டால் சுமார் 350 சில்லுகள் கிடைக்கும். சில்லைப் பாதியாகச் சுருக்கி 100 சதுர மில்லிமீட்டர் ஆக்கினால் சுமார் 700 கிடைக்கும். வேஃபரின் செலவு மாறவில்லை என்றால் ஒரு சில்லின் செலவு பாதியாகிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. மாவில் ஒரு தூசி விழுந்தால் அந்த ஒரு பிஸ்கட்டைத்தான் எறிவோம். பெரிய பிஸ்கட்டாக இருந்தால் அதிக மாவு வீணாகும், சிறியதாக இருந்தால் கொஞ்சம்தான். சில்லில் விழும் குறைக்கும் இதே கணக்குத்தான்.

டிரான்சிஸ்டர்களைச் சுருக்கச் சுருக்கச் சில்லு மலிவானது. பிளேஸ்டேஷன் 2இல் தனித்தனியாக இருந்த இரண்டு முக்கியச் சில்லுகளைப் பின்னாளில் ஒரே சில்லுக்குள் அடக்கிவிட்டார்கள். கருவி மெலிந்தது, விலையும் மெலிந்தது.

இன்று ஏன் நின்றது?

சுருக்குவது இன்னும் நடக்கிறது. அதற்கு ஆகும் செலவுதான் கைமீறிவிட்டது. மிக நுண்ணிய கோடுகளை வரைய இன்று 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்தின் அலைநீளம் 400 நானோமீட்டர் அளவு என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கதிரைக் காற்றே விழுங்கிவிடும். அதனால் எந்திரத்துக்குள் வெற்றிடம் வேண்டும், வில்லைக்குப் பதிலாகச் சிறப்புக் கண்ணாடிகள் வேண்டும். இப்படியோர் எந்திரத்தின் விலை 100 மில்லியன் டாலருக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் வேஃபரின் செலவு ஏறுகிறது. அச்சு சிறிதாகிறது, ஆனால் மாவின் விலை கூடுகிறது. மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

இதற்கு நிண்டெண்டோவிடமே நல்ல சான்று இருக்கிறது. முதல் சுவிட்சின் சில்லை 20 நானோமீட்டர் முறையில் செய்தார்கள். 2019இல் அதே சில்லை 16 நானோமீட்டர் முறைக்கு மாற்றினார்கள். மின்கலம் தாங்கும் நேரம் 2.5 முதல் 6.5 மணி என்பதிலிருந்து 4.5 முதல் 9 மணியாக உயர்ந்தது. விலையோ அதே 300 டாலர். சுருக்கியதன் பலன் மின்சாரச் சிக்கனமாகக் கைக்கு வந்தது, விலைச் சீட்டுக்கு வரவில்லை.

2025இல் அமெரிக்கா விதித்த புதிய இறக்குமதி வரிகளும், பொதுவான விலைவாசி உயர்வும் இதோடு சேர்ந்துகொண்டன. ஆண்டின் கடைசி மாதங்களில் இன்னொரு காரணம் வந்து சேர்ந்தது. அதுதான் நினைவகம்.

ஓட்டைக் குவளையும் ஜோகூரும்

கருவியின் நினைவகம் கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஓர் ஓட்டைக் குவளை மாதிரி. மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஊற்றி வைத்தது ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதால், 64 மில்லி விநாடிகளுக்கு ஒருமுறையாவது எல்லாவற்றையும் மீண்டும் நிரப்ப வேண்டும். நீங்கள் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அந்த வேலை முடிந்துவிடும்.

உலகத்தின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு, அடுக்கடுக்காகக் கோத்த அதிவேக நினைவகம் தேவைப்படுகிறது. ஒரே கொள்ளளவுக்கு அது சாதாரண நினைவகத்தைவிட ஏறக்குறைய 3 மடங்கு வேஃபர் பரப்பை எடுத்துக்கொள்கிறது. அதை வாங்குவோர் கூடுதல் பணம் தரத் தயார். எனவே தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் சாய்கின்றன. கைப்பேசி, மடிக்கணினி, கன்சோல் ஆகியவற்றுக்கான நினைவகம் குறைகிறது, விலை ஏறுகிறது. இந்த டிசம்பரில் மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த வணிகத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

அந்தச் செயற்கை நுண்ணறிவுக் கணினிகள் எங்கே இருக்கின்றன? வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கூலாய், சிடெனாக் வழியாகப் போகும்போது சாளரம் அதிகமில்லாத பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் தரவு மையங்களும் உண்டு. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. நிலமும் மின்சாரமும் தேடியவர்கள் பாலம் கடந்து ஜோகூருக்கு வந்தார்கள். கூலாயில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா இருக்கிறது. சுவிட்ச் 2இன் சில்லை வடிவமைத்த அதே என்விடியாதான் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கும் கூட்டாளி.

இன்னும் கொஞ்சம் வடமேற்கே போனால் மூவார். அங்கே மைக்ரானுக்கும் எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்கும் தொழிற்சாலைகள் உண்டு. எஸ்டி அங்கே 1970களிலிருந்தே இயங்குகிறது. சில்லுகளை உறையிட்டுச் சோதிப்பது இத்தகைய தொழிற்சாலைகளின் வேலை. உலகில் நடக்கும் அந்த வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. ஆக, சில்லைச் செய்து அனுப்பும் பக்கத்திலும் ஜோகூர் இருக்கிறது, அதை அள்ளி விழுங்கும் பக்கத்திலும் ஜோகூர் இருக்கிறது. நடுவில், அங்பாவ் பணத்தோடு நீங்கள்!

அட்டை இருக்கிறது, விளையாட்டு எங்கே?

இந்த ஆண்டு ரசிகர்கள் அதிகம் குறைப்பட்டுக்கொண்ட இன்னொன்றும் நினைவகம் சார்ந்ததே. சுவிட்ச் 2இன் சில விளையாட்டுகள் 'கேம் கீ' அட்டைகளாக வருகின்றன. அட்டைக்குள் விளையாட்டு இருக்காது, திறவுகோல் மட்டும் இருக்கும். கருவியில் செருகியதும் விளையாட்டை இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும். பெரிய கொள்ளளவுள்ள அட்டைக்குச் செலவு அதிகம் என்பதால் சில நிறுவனங்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கின்றன.

இதில் ஒரு நன்மை உண்டு. இணையக் கடையில் நேரடியாக வாங்கிய விளையாட்டைப் போலன்றி, இந்த அட்டையைத் தம்பிக்கோ நண்பருக்கோ இரவல் தரலாம், விற்கவும் செய்யலாம். தீமையும் உண்டு. பதிவிறக்கும் வசதி ஒருநாள் நின்றுவிட்டால் திறவுகோல் கையில் இருக்கும், வீடு இருக்காது. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையில் புதிய விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியதை ரசிகர்கள் மறக்கவில்லை. பதிவிறக்கிய விளையாட்டு உங்கள் சேமிப்பகத்திலும் இடம் பிடிக்கும். சுவிட்ச் 2 விளையாட்டுகளைச் சேமிக்கப் பழைய மைக்ரோ எஸ்டி அட்டை உதவாது. வேகமான, விலை கூடிய எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும்.

நீங்கள் போடும் மதிப்பெண்

சரி, வாங்கலாமா, காத்திருக்கலாமா? அதை உங்கள் வீட்டுக் கணக்குத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "பொறுத்தால் மலிவாகும்" என்ற பழைய நம்பிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது இயற்கை விதி அன்று. சில்லைச் சுருக்கினால் செலவு குறைந்த காலத்தில் பிறந்த வழக்கம் அது.

காத்திருப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. விளையாட விரும்பும் விளையாட்டுகள் எத்தனை என்று எழுதிப் பாருங்கள். கருவி, அட்டை, விளையாட்டு எல்லாவற்றின் விலையையும் கூட்டி, நீங்கள் உண்மையில் விளையாடக்கூடிய மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் 'கேம் கீ' குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். ஏற்கெனவே பழைய சுவிட்ச் வைத்திருந்தால், அதன் விளையாட்டுகளில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பதால் இன்று வாங்கும் அட்டை வீணாகாது.

படிவம் 5 இயற்பியலில் டிரான்சிஸ்டர் பாடம் வரும். பலருக்கு அது தேர்வுக்காகப் படிக்கும் பக்கம். அதைப் படிக்கும்போது இந்த ஆண்டின் விலைச் சீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டிசம்பரில் நீங்கள் போடப்போகும் மதிப்பெண்ணில் பாதியை, எந்த விளையாட்டு வெளியாகும் என்பதைவிட, ஒரு வேஃபரை யாருக்காக வெட்டுகிறார்கள் என்பதே தீர்மானிக்கக்கூடும்.